எந்த டம்ளரில் குடித்தீர்கள்?

1

இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். ஒருமுறை பால்கனிக்குப் போய், எதிர் மலையில் பனி கரைந்துவிட்டதா என்று பார்த்தேன். இன்னொருமுறை வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்தேன். என் மனைவி கவிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு எடத்துல உக்காரவே மாட்டீங்களா?" என்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். பெயர் முனிராஜ். பாரூர் ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளைகிற ஒரு சிற்றூரில் பிறந்தேன். நிலம் எங்களுடையது இல்லை. அதில் வேலை செய்தவர்கள் நாங்கள். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி, பிறகு ஓசூர் சிப்காட்டில் ஒரு கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் ஏழு வருடம். அங்கிருந்து அதே கம்பெனியின் துருக்கித் தொழிற்சாலைக்கு மாற்றல். புர்சா என்கிற இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

வந்தபோது என் மகள் இனியாவுக்கு மூன்று வயது. இப்போது ஆறாம் வகுப்பு. கனவுகூடத் துருக்கி மொழியில்தான் காண்கிறாள் என்பது அவள் தூக்கத்தில் உளறும்போது தெரிகிறது. துருக்கி மொழியில் அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல். அதனால் இவள் தமிழில் எல்லாருமே 'அது'தான். "தாத்தா போன் பண்ணுச்சு", "டீச்சர் கேக்குது", "பிரதமர் வருது." திருத்தித் திருத்திக் களைத்துப்போனோம்.

சென்ற மாதம் அவள் பள்ளியில் உலகத் தேநீர் நாள் என்று ஒன்று வைத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டில் தேநீரை எப்படிக் குடிக்கிறார்கள் என்று ஒரு பெரிய அட்டையில் எழுதி, படம் வரைந்து தாழ்வாரத்தில் மாட்ட வேண்டும். ஜப்பானில் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிவிட்டுக் குடிப்பார்களாம். மொராக்கோவில் புதினா போட்டுத் தலைக்கு மேலிருந்து ஊற்றுவார்களாம். ரஷ்யாவில் பக்கத்தில் பழப்பாகு வைப்பார்களாம். ஈரானில் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சுவார்களாம். இனியாவுக்கு இந்தியா. அந்தந்த நாட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். முதல் தேநீரை எத்தனை வயதில் குடித்தீர்கள்? யாரோடு குடித்தீர்கள்? எதில் குடித்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் படமும் வரைய வேண்டும்.

முதலில் என்னிடம் வந்தாள். நான் ஓசூர் டீக்கடையைச் சொன்னேன். பாய்லர், வெள்ளைத் துணி வடிகட்டி, ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிற மாஸ்டர், கண்ணாடி கிளாஸ், மேலே நுரை. அவள் வேகமாக எழுதிக்கொண்டு, கடைசியில் துருக்கியில் படித்துக் காட்டினாள்: "இந்தியாவில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி கிளாஸில் டீ குடிப்பார்கள்."

"சரியா, பாபா?" என்றாள். அப்பாவுக்கு இங்கே பாபா.

"சரி" என்றேன்.

அவள் உள்ளே போனாள். நான் பால்கனிக்குப் போனேன். அன்று ஆரம்பித்த நடை இது.

2

இங்கே தேநீருக்குப் பெயர் சாய். வடநாட்டுத் தொழிலாளர்கள் ஓசூர் பேருந்து நிலையத்தில் கேட்பார்களே, அதே சாய். ஆனால் பால் கிடையாது. அடுக்கு வைத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெட்டில்கள். கீழே வெந்நீர், மேலே திக்கான சாறு. இடுப்பு சிறுத்த ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸில் இரண்டையும் கலந்து தருவார்கள். சாவு வீட்டிலும் சாய், கல்யாணம் பேசப்போனாலும் சாய், வங்கியில் கணக்குத் தொடங்கப் போனாலும் சாய். கிளாஸ் காலியானால் கேட்காமலேயே நிரப்புவார்கள். முதல் மாதத்தில் ஒரு வீட்டில் மறுக்கத் தெரியாமல் ஒன்பது கிளாஸ் குடித்திருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சாய் கொண்டுவருபவர் ஹசன். அபி என்றால் இங்கே அண்ணன், ஆகவே ஹசன் அபி. மூன்று கம்பிகளில் தொங்குகிற தட்டை வீசி நடப்பார், ஒரு சொட்டுச் சிந்தாது. தொழிற்சாலை மேலாளருக்கும் தரை கூட்டுகிறவருக்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே கிளாஸ். முதல் நாள் அதை நான் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, "உங்கள் நாட்டில் வேறு மாதிரியா?" என்று கேட்டார். "இல்லை, இதே மாதிரிதான்" என்றேன்.

இந்த 'இதே மாதிரிதான்' என்பதை ஒன்பது வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

என் முதல் தேநீர் ஓசூரில் இல்லை. எங்கள் ஊரில், என் அப்பா வேலை செய்த பண்ணை வீட்டின் மாட்டுக் கொட்டகையில். அந்த வீட்டை எல்லாரும் மேட்டு வீடு என்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் கரும்புக்குத் தோகை உரிக்கப் போவேன். காலை பத்து மணிக்கு அந்த வீட்டம்மா குண்டானில் டீ கொண்டுவருவார். நாங்கள் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் அலுமினிய டம்ளர்களை எடுத்துக் கழுவிக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்ததும் மறுபடி நாமே கழுவி, மறுபடி அதே இடத்தில் செருக வேண்டும். டீ நன்றாகத்தான் இருக்கும். வெல்லம் போட்ட டீ.

படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போன முதல் நாள், தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. மாஸ்டர் கன்னடம் பேசினார், அவர் மனைவி தெலுங்கு, பெஞ்சில் இருந்தவர்கள் மதுரைத் தமிழ். நான் போய் நின்றதும் ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். அதை எடுக்காமல், வேறு வரிசை கிளாஸ் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தபடி நின்றேன். "ஏன் சார், சக்கரை கம்மி வேணுமா?" என்றார் மாஸ்டர். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருமே வேறெங்கிருந்தோ வந்தவர்கள். அன்று மூன்று டீ குடித்தேன். இனியாவுக்கு நான் சொன்னது அந்தக் கடை. பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது முதல் தேநீர்.

3

அதே வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓசூர் தொழிற்சாலைக்கு வாங்கப்போகும் இயந்திரத்தைச் சரிபார்க்க அங்கிருந்து ஒரு மேலாளர் ஆறு வாரத்துக்கு வருகிறார். துருக்கிக்காரர்களோடு பேச அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நான் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்தேன். சிவக்குமார். மேட்டு வீட்டுப் பையன்.

எட்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். அவன் கணக்கை நான் போட்டுத் தருவேன், என் சைக்கிளுக்கு அவன் காற்றடித்துத் தருவான். பிறகு அவன் கிருஷ்ணகிரியில் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டான். அதன்பின் கல்யாண வீடுகளில் கையசைத்துக்கொண்டதோடு சரி.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். நைனா அன்றே போன் செய்தார்.

"சின்னவரு அங்க வராராமேடா? அந்தம்மா சொல்லுச்சு. நல்லா பாத்துக்க. வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போடு."

"அவன் சாப்புடுவானா நைனா?"

"கூப்புடறது நம்ப கடமை. சாப்புடறது அவுரு இஷ்டம்" என்றார்.

"இப்பல்லாம் மேட்டு வீட்டுல உங்களுக்கு எதுல டீ குடுக்கறாங்க?"

"இப்ப என்னாடா, பேப்பர் கப்பு வந்துருச்சு. குடிச்சமா, கசக்கிப் போட்டமா. யாருக்கும் ஒன்னும் இல்ல."

"அவங்களும் பேப்பர் கப்புலதான் குடிக்கறாங்களா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து. புகைப்படம் நான்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, கைரேகை. நம் ஆட்களின் கடவுச்சீட்டில் அப்பா பெயர் எங்கே, நம் பெயர் எங்கே என்று இவர்களுக்கு எப்போதும் குழப்பம். மரியாதைக்கு இங்கே பெயருக்குப் பின்னால் 'பே' சேர்ப்பார்கள், நம் ஊர் 'ஐயா' மாதிரி. அந்தப் பெண் அலுவலர் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "திம்மராயன் பே! திம்மராயன் பே!"

அது நைனாவின் பெயர். எழுபது வயதுக்காரரை ஊரில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட "டேய் திம்மா" என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். எழுந்து போய் ஜன்னல் முன்னால் நின்றேன். "திம்மராயன் பே, உட்காருங்கள், ஒரு சாய் குடிக்கிறீர்களா? கணினி மெதுவாக இருக்கிறது" என்றார் அந்தப் பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலை முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.

4

சிவக்குமார் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலை நரைத்திருந்தது. பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. வாசலிலேயே, "டேய் முனி, இந்த ஊருக்காரனுங்க எதக் குடுத்தாலும் ரொட்டியாவே குடுக்கறானுங்கடா. சோத்தக் கண்ணுல காட்டு" என்றான்.

சாப்பிட்டான். தயங்கவே இல்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தான். கவிதாவிடம், "நல்லா இருக்குதும்மா, ஊர் ரசம் மாதிரியே" என்றான். இவ்வளவுதானா, இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கவிதா ஓசூர்க்காரி, பால் டீ போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்களில் கொடுத்தாள்.

அப்போது இனியா நோட்டோடு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷம்.

"அங்கிள், முதல் டீ எத்தன வயசு?"

"அஞ்சு வயசு இருக்கும்மா."

"யார்கூட?"

"எங்க வீட்டுல, எங்க அம்மாகூட."

"எதுல குடிச்சீங்க?"

"இதே மாதிரி சில்வர் டம்ளர்லதான்." அவள் டம்ளரை வரைந்தாள். நன்றாக வரைவாள். பிறகு பென்சிலை எடுத்து என்னைக் காட்டினாள். "பாபாவும் நீங்களும் சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ். பாபா உங்க வீட்டுக்கு வந்துச்சு. அதுவும் இதே டம்ளர்ல குடிச்சுதா?"

சிவக்குமார் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு சின்ன உதவி கேட்கிற பார்வை. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று எட்டாம் வகுப்பில் பார்ப்பானே, அதே பார்வை.

"ஆமாம்மா" என்றான். "எல்லாரும் ஒன்னாத்தான் குடிப்போம்."

அவள் எழுதத் தொடங்கினாள். நானும் இதையேதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இப்போது இரண்டு சாட்சி ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைய மதியம் இனிமையாக முடிந்திருக்கும்.

"இல்ல" என்றேன். "அத எழுதாத."

கவிதா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

நான் இனியாவின் நோட்டை வாங்கி, அடுத்த பக்கத்தில் வரைந்தேன். கூரை, கூரையில் செருகியிருந்த டம்ளர்கள், ஒரு டம்ளரில் நெளிவு. எனக்கு வரைய வராது. அந்த நெளிவு மட்டும் சரியாக வந்தது. இதுதான் என் முதல் டம்ளர், மாடுகள் கட்டியிருந்த இடம், நாங்கள் தள்ளி நின்றோம், மேலிருந்து ஊற்றினார்கள் என்று சொன்னேன்.

"ஏன்?" என்றாள்.

அந்த 'ஏன்'-க்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. தீட்டு. அவளுக்கு அது தெரியாது. துருக்கியில் தேடினேன். அந்த மொழியில் அதற்குச் சொல்லே இல்லை. அருகில் கிடைத்தது 'கிர்லி', அழுக்கு. அதைச் சொன்னேன்.

"நீங்க அழுக்கா இருந்தீங்களா பாபா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

சிவக்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். "டேய், அந்த டம்ளர அங்க வெச்சது நானாடா? எனக்கு அப்ப பத்து வயசு."

"எனக்கும் பத்து வயசுதான்டா."

"சின்னப் புள்ள முன்னாடி, இதுக்குத்தான் கூப்ட்டு சோறு போட்டியா?"

"இல்ல. அவ கேட்டா. அவ்ளோதான்."

அவன் எழுந்து கோட்டை மாட்டினான். ஒரு கை நுழையாமல் தடுமாறியது. கவிதா பிடித்து உதவினாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா" என்று அவளிடம் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. படியில் அவன் இறங்குகிற சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

5

திங்கட்கிழமை முதல் வேலை தொடர்ந்தது. அவன் வாய் பேசுவதையெல்லாம் என் வாய் பேச வேண்டும். "இந்த வால்வ் எத்தனை முறை திறந்து மூடினால் தேயும்?" என்று அவன் சுவரைப் பார்த்துக் கேட்பான். நான் துருக்கியில் கேட்பேன். பதிலைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். ஹசன் அபி சாய்த் தட்டோடு வந்தால் அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் அந்தப் பக்கம் போய்விடுவான். "உங்கள் நண்பருக்கு நம் சாய் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார் ஹசன் அபி. "பால் இல்லாததால்" என்றேன்.

வியாழக்கிழமை மதிய உணவு இடைவேளையில் நைனா போன் செய்தார்.

"என்னாடா பண்ணி வெச்ச?"

சிவக்குமார் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா நைனாவைக் கூப்பிட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார்: உம் பையனுக்கு நாங்க என்ன குறை வெச்சோம், காலேஜ்ல சேர்த்தப்ப இந்த வீட்டய்யாதான கையெழுத்துப் போட்டாரு.

"நாப்பது வருசம் நா வாயத் தொறக்கல. நீ கடலத் தாண்டிப் போயி தொறந்துட்ட. நாளைக்கு அந்த வாசல்ல நிக்கறது நீயா, நானா?"

"நைனா, இனியா கேட்டா..."

"புள்ள கேட்டா ஆயிரம் கேக்கும். அதுக்கு?"

உண்மையைச் சொன்ன நான் இங்கே பத்திரமாக இருந்தேன். அதைத் தாங்க வேண்டியவர் அங்கே இருந்தார். அன்று தொழிற்சாலை மதிலைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தால் இனியா அட்டையில் எழுதி முடித்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். "என் அப்பா அழுக்காக இருந்தார். அதனால் அவருக்கு வேறு டம்ளர் கொடுத்தார்கள்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

அவள் மேல் தவறில்லை. நான் கொடுத்த சொல்லைத்தான் எழுதியிருந்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து வினைச்சொல்லை மாற்றினோம். துருக்கியில் 'ஸய்மாக்' என்றால் எண்ணுவது, கருதுவது. மதிப்பதற்கும் அதே சொல்தான். 'அழுக்கு என்று எண்ணினார்கள்' என்று மாற்றினாள்.

"அப்ப அவங்கதான் தப்பா எண்ணினாங்க. உங்க மேல அழுக்கு இல்ல" என்றாள், கணக்கு சரியாக வந்த மாதிரி.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். பட்டுப் போன்ற குரல். இது கொண்டாட்ட நாள், பெற்றோர் எல்லாரும் வருவார்கள், இந்தப் பத்தி கொஞ்சம் சோகமாக இருக்கிறது. எடுத்துவிடலாம், அல்லது அப்படியே வைக்கக் குடும்பம் சம்மதிக்கிறது என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், முடிவு உங்களுடையது என்றார். அட்டையோடு படிவமும் வீட்டுக்கு வந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். இதை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கவிதாதான் சொன்னாள். "உங்க டம்ளர் மட்டுமா அது? மாமாவோடதும்தான். அவரக் கேக்காம நீங்க எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

6

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் நைனாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மதியம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: பள்ளி, அட்டை, டீச்சர், படிவம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். திரையில் வேப்பமரத்தின் ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இணைப்பைத் துண்டித்துவிடுவாரோ என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீரோடு வந்து, குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னா படம் போட்டுருக்கற?"

இனியா அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிகக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"இது உங்கப்பன் டம்ளரு. அலுமினியம். அவன் பள்ளிக்கூடம் போற பையன்னு நல்லதா குடுத்தாங்க. என்னுது தகரம்."

"தகரம் என்ன தாத்தா?"

"டப்பா இருக்குதுல்ல, எண்ண டப்பா, அது. அடியில ஓட்ட வேற. வெரல வெச்சு அடச்சிக்கினுதான் குடிக்கணும். இல்லன்னா வேட்டியெல்லாம் டீ. சுடுமா சுடாதா? சுடத்தான் செய்யும்."

எனக்கு இது தெரியாது. அவருக்குப் பக்கத்தில் நின்று எத்தனை நாள் குடித்திருக்கிறேன்.

"ஏன் வேற கேக்கல தாத்தா?"

நைனா யோசித்தார். "கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார்.

இனியாவுக்கு ஓட்டை புரிந்தது, விரல் வைப்பது புரியவில்லை. எந்த விரல், எப்படி என்று கேட்டாள். அவர் வெறுங்கையைத் தூக்கி, இல்லாத டம்ளரைப் பிடித்து, நடுவிரலை மடித்து அடியில் கொடுத்துக் காட்டினார். அவள் பென்சிலால் வரையத் தொடங்கினாள். அவர் கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வரைந்து முடிக்கும் வரை பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"நைனா, மேட்டு வீட்டுல எதாச்சும் சொன்னா?"

"சொல்லட்டும். போன வாரத்துலேர்ந்து நா அங்க போவல." பிறகு, "எழுதறதுன்னா சரியா எழுதணும். என்னுதையும் அலுமினியம்னு போட்டு வெக்காதீங்க. அத மாத்து" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், அதற்குப் பின்னால் நைனாவின் பெயர்.

7

பள்ளியில் ஒரு வழக்கம். கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் எல்லாருக்கும் அழைப்பு அட்டை தருவார்கள். இனியா தன் கையால் 'சிவா அங்கிள்' என்று தமிழில் எழுதி, அடியில் ஒரு டம்ளர் வரைந்து என்னிடம் கொடுத்தாள். அதையும் இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். பிறகு இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய் அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பிரஷர் ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டான்.

தேநீர் நாளன்று தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். எட்டு வகைக் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கவிதா இந்தியா மேசையில் பால் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் அந்த நீளத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். இனியாவின் அட்டையை ஜப்பானுக்கும் மொராக்கோவுக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள், அந்த இடத்தில் நின்று படிப்பார்கள், பிறகு மெதுவாக அடுத்ததற்குப் போவார்கள். ஒரு கிழவர் மட்டும் இனியாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நான் வாசலுக்கும் அட்டைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

முடிகிற நேரத்தில் சிவக்குமார் வந்தான். அடுத்த நாள் அவனுக்கு விமானம். யாரிடமும் பேசாமல் நேரே அட்டை முன்னால் போய் நின்றான். அவனுடைய சில்வர் டம்ளர் இடப்பக்கம், என் டம்ளர் நடுவில், வலப்பக்கம் ஒரு கை. எழுத்தெல்லாம் துருக்கி. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பக்கத்தில் போனேன். திரும்பாமலேயே, "என்னா எழுதியிருக்குதுடா?" என்றான்.

"உனக்கு எதுக்கு?"

"நீதான ஆறு வாரமா எனக்குப் படிச்சுச் சொல்ற. இதையும் சொல்லு."

சொன்னேன். தொழிற்சாலையில் சொல்வது போலவே, ஒரு வரி துருக்கியில் படித்து, ஒரு வரி தமிழில். அவன் அம்மா அவனுக்குக் கொடுத்த முதல் டீ. கொட்டகைக் கூரை. அழுக்கு என்று எண்ணினார்கள். குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ள முயன்றேன். கையின் படத்துக்குக் கீழே தாத்தா சொன்னதை இனியா அப்படியே எழுதியிருந்தாள்: "என் டம்ளர் தகரம். அடியில் ஓட்டை. விரலை வைத்து அடைத்துக்கொண்டு குடிப்பேன்."

சிவக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஓட்ட இருந்தது எனக்குத் தெரியாதுடா" என்றான்.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

பின்னால் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் நகரவில்லை. கடைசி வரியை இன்னொருமுறை படிக்கச் சொன்னான். படித்தேன்.